பனிமலையில் உங்கள் பாலிசி எங்கே முடிகிறது?

பயணக் காப்பீட்டு பாலிசிகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை இணையத்தில் விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

பனிச்சறுக்குக்குப் போகும் நண்பர்களும் உறவினர்களும் டிக்கெட் போட்ட கையோடு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" நான் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கவில்லை. ஆனால் பாலிசி வாசகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் உண்டு. படித்தவரையில் உங்கள் பாலிசிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்லவை நிறையவே இருக்கின்றன. என் குறை வேறு. நீங்கள் தரும் பாதுகாப்பு மலையில் எந்த இடத்தில், எந்தச் சூழ்நிலையில் நின்றுபோகிறது என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு வழியில்லை. விபத்து நடந்த பிறகு போனில் நீங்கள் கேட்கும் கேள்விகளை விற்கும்போதே கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் விசா விஷயம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, உடல்நிலை காரணமாக ஊர் திரும்பும் செலவு, இறப்பு நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவை அதில் அடங்க வேண்டும் என்பது விதி. பனிச்சறுக்கைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்வதில்லை. ஆகவே "விசாவுக்கு ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டு நீங்கள் விற்கும் பாலிசியைத் தூதரகம் ஏற்றுக்கொள்கிறது, விசாவும் வந்துவிடுகிறது. வாங்கியவர் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அதே பாலிசியின் விலக்குகள் பகுதியில் "குளிர்கால விளையாட்டுகள்" என்ற இரண்டு சொற்கள் இருப்பதை அவர் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களிடமும் இதே நிம்மதியைப் பார்க்கிறேன். அந்த அட்டை அரசு மருத்துவ சேவைக்கு உதவும். மலையிலிருந்து மீட்கும் செலவையும் ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் அது ஏற்பதில்லை.

எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எளிய சரிவு, நீல நிறக் கம்பங்கள் நட்ட தடம். அவர் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து வேகமாக வந்த ஒருவர் கட்டுப்பாடு இழந்து மோதிவிட்டார். விழுந்தபோது அந்தப் பெண்ணின் ஒரு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை, காலிலிருந்து கழலவில்லை, முழங்கால் முறுக்கிக்கொண்டது. வழியில் வந்த யாரோ தன் ஸ்கீக்களைக் கழற்றி, மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போகட்டும் என்று சற்று மேலே பனியில் குறுக்காக நட்டார். தடக் காவலர்கள் வந்து, காலுக்குச் சிம்பு வைத்து, சறுக்குக் கட்டிலில் படுக்கவைத்து வாரால் இறுக்கினார்கள். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, பாலிசியில் போட்டிருந்த அவசர எண்ணுக்கு அழைத்தார். மறுமுனையில் கேட்டது: குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் இணைப்பு எடுத்திருக்கிறீர்களா? குறியிட்ட தடத்துக்குள் இருந்தீர்களா? கொண்டுபோகிற இடம் அரசு மருத்துவமனையா, தனியார் கிளினிக்கா?

அவசர எண்ணில் இருந்தவர் தன் வேலையைத்தான் செய்தார். அந்தக் கேள்விகள் எல்லாமே அவசியமானவை. ஆனால் பாலிசி வாங்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டதோ வயது, நாடு, தேதி மட்டும். அவரிடம் இணைப்பு இருந்தது. சிகிச்சைக்குப் பணம் வந்தது. சறுக்குக் கட்டிலுக்கான பில் மட்டும் திரும்பி வந்துவிட்டது: தடத்திலிருந்து கிளினிக் வரை இறக்கியது மருத்துவச் செலவு ஆகாதாம், அது மீட்பாம், அவர் எடுத்த தொகுப்பில் மீட்பு கிடையாதாம். காலை நகர்த்த முடியாமல் பனியில் கிடந்தவர் அங்கிருந்து கிளினிக்குக்கு வேறு எப்படிப் போயிருக்க முடியும் என்பதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

மீட்புச் செலவு நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பிரான்சில் 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டம், பனிச்சறுக்கு விபத்துகளில் ஆகும் மீட்புச் செலவை வசூலிக்க உள்ளூராட்சிகளுக்கு உரிமை தந்தது. உயர்மலையில் சிக்கியவரை அரசின் மலை மீட்புப் படை பொதுவாகக் கட்டணமில்லாமல் தூக்கிவருகிறது. சீர்செய்த தடத்தில் கால் திருகியவருக்கோ பில் வருகிறது. ஆஸ்திரியாவில் பொழுதுபோக்கு விளையாட்டில் அடிபட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்றினால் பில் பெரும்பாலும் அவர் பெயருக்கே வரும். சுவிட்சர்லாந்திலும் கட்டணம் உண்டு. 1952இல் தொடங்கிய ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பு அங்கே இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குக் காப்பீடு ஏற்காத மீட்புச் செலவை அது தள்ளுபடி செய்ய முடியும். பனிச்சறுக்குத் தலங்கள் பலவற்றில், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸோடு நாள் கணக்கில் ஒரு சிறு காப்பீடு விற்பதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். பெரிய பாலிசி வைத்திருப்பவருக்கு அது தேவையா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அதற்கு "தேவை" அல்லது "தேவையில்லை" என்ற பதிலை உங்கள் முதல் பக்கமே தந்துவிடலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது "குறியிட்ட தடம்" என்ற எல்லை. தடத்துக்கு வெளியே போகிறவர் என்றால், முதுகில் பையோடு ஆளில்லாக் காட்டில் இறங்கும் சாகசக்காரர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எல்லை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில் விழுந்தது இரண்டு தடங்களுக்கு நடுவே, தட விளிம்பிலிருந்து சில மீட்டரே தள்ளி. பனிமூட்டத்தில் கம்பம் தெரியாமல் அந்தச் சில மீட்டரைக் கடப்பவர்கள் உண்டு. கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கக் கடப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் பாலிசி உயிரோடு இருக்கிறதா?

எல்லா இடத்திலும் இந்த எல்லை ஒரே மாதிரியும் இல்லை. ஆல்ப்ஸில் பொதுவாகப் பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்துப் பாதுகாப்பு செய்வது தடங்களுக்குத்தான்; கம்பத்தைத் தாண்டினால் அவரவர் பொறுப்பு. வட அமெரிக்காவிலோ தலத்தின் வெளி எல்லைக் கயிறு வரை, சீர்செய்யாத சரிவுகளையும் சேர்த்து, தலத்தின் காவல் குழுவே கவனித்துக்கொள்கிறது. ஆனால் பாலிசியில் இரண்டு இடத்துக்கும் ஒரே வரிதான். சில நிறுவனங்கள் வழிகாட்டி கூட இருந்தால் ஏற்கின்றன. சில, வழிகாட்டி இல்லாவிட்டாலும் தலத்தின் எல்லைக்குள் ஏற்கின்றன. இன்னும் சில, "உள்ளூர் எச்சரிக்கையை மீறினால் செல்லாது" என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்தை 1993 முதல் ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். மூன்றாம் நிலை அறிவித்த நாளில் தடம் விட்டு இறங்கினால் எச்சரிக்கையை மீறியதாகுமா, நான்காம் நிலையில்தான் ஆகுமா? ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் தீர்கிற விஷயம்.

இதுவரை சொன்னது அடிபட்டவர் பக்கம். அடிபடக் காரணமானவர் பக்கமும் இருக்கிறது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளின்படி, கீழே போகிறவருக்கு ஆபத்து வராதபடி தன் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மேலிருந்து வருகிறவர். விபத்து நடந்தால் எல்லோரும் உதவ வேண்டும். சம்பந்தப்பட்டவர்களும் பார்த்தவர்களும் தங்கள் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். நஷ்டஈட்டு வழக்குகள் எழுவது இங்கேதான். இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல் தடத்தில் சறுக்குகிற எவரிடமும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு நாம் விளைவிக்கும் சேதத்துக்கான காப்பீடு, இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், லிஃப்ட் பாஸும் பறிபோகும். உங்கள் பாலிசிகள் பலவற்றில் "தனிநபர் பொறுப்பு" என்ற பிரிவு பெரிய தொகையோடு இருக்கிறது. அந்தத் தொகை சறுக்கும்போது நடக்கும் மோதலுக்குப் பொருந்துமா என்பதை இன்னொரு பக்கத்தில் தேட வேண்டியிருக்கிறது. சிலவற்றில் பொருந்தாது. இத்தாலிக்கு டிக்கெட் எடுத்தவருக்கு அதே பாலிசியை எப்படி மனசாட்சியோடு விற்கிறீர்கள்?

அடிபட்ட பிறகு ஊர் திரும்புவதும் எளிதல்ல. பனிச்சறுக்குக் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முழங்காலில்தான். தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்டவர் விமானத்தின் சாதாரண இருக்கையில் காலை மடக்கி உட்கார முடியாது. கூடுதல் இருக்கைகள் வாங்க வேண்டும். மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாவிட்டால், கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டு வரச் சொல்லும் விமான நிறுவனங்கள் உண்டு. உள்ளே வீக்கம் ஏறினால் இரத்த ஓட்டம் தடைபடும் என்பதற்காக. ஆகப் பயணம் தள்ளிப்போகிறது. அந்த இரவுகளுக்கான அறை வாடகை, துணைக்கு இருப்பவரின் புதிய டிக்கெட், விமான நிலையம் வரை ஆம்புலன்ஸ் என்று செலவு நீள்கிறது. அந்தப் பெண்ணின் கணவர் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி இந்த மூன்றையும் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதில் ஒன்றுகூட அவர் கையில் இருந்த சுருக்கத்தாளில் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆளையே முடக்கிப்போடும் செலவுகள் அவை இல்லை. பனி விழாமல் தடங்கள் மூடினால் தரும் ஈடு எந்த மாதங்களுக்கு, எவ்வளவு உயரத்துக்கு மேல் உள்ள தலங்களுக்கு? ஜூலையில் நியூசிலாந்துக்கோ சிலிக்கோ போகிறவருக்கும் உண்டா? காற்றால் லிஃப்ட் நின்ற நாள் அதில் சேருமா? ஆண்டு முழுதுக்குமான பாலிசியில் பனி விளையாட்டுக்கு மட்டும் 17, 21 என்று நாள் வரம்பு இருந்தால் அதை மேலே போடுங்கள். எக்ஸஸ் தொகையை, அதாவது வாங்கியவரே ஏற்க வேண்டிய பங்கை, ஒரு விபத்துக்கு ஒருமுறை கழிக்கிறீர்களா, பிரிவுக்குப் பிரிவு கழிக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் உட்கார்ந்து இறங்கும் பனிவண்டி விளையாட்டு சேருமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. மதுவைப் பற்றிய விலக்கில் "போதையில்" என்று மட்டும் எழுதினால் போதாது; சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடித்தவரும் அதில் அடங்குவாரா என்று தெரிய வேண்டும்.

விலை ஒப்பீட்டுத் தளங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியலைக் குறைந்த விலையிலிருந்து அடுக்குகிறீர்கள். குளிர்கால விளையாட்டுக்கான கட்டம் கடைசித் திரையில் டிக் செய்யப்படாமல் கிடக்கிறது. பனிச்சறுக்குக்குப் போவதாக ஒருவர் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த இணைப்பு இல்லாத பாலிசியை அவருக்குக் காட்டவே கூடாது. பயண ரத்துக்கான பாதுகாப்பு பாலிசி வாங்கிய நாளிலிருந்தே தொடங்குமா என்பதையும் அங்கேயே காட்டுங்கள்; கிளம்புவதற்கு முதல் நாள் வாங்குகிறவர் அந்தப் பலனைக் கிட்டத்தட்ட முழுதாக இழக்கிறார்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். மீட்பு உண்டா, சறுக்குக் கட்டிலுக்கும் ஹெலிகாப்டருக்கும் சேர்த்தா, தனி உச்சவரம்பு எவ்வளவு? தடத்துக்கு வெளியே எதுவரை? மோதலுக்கான பொறுப்பு உண்டா? தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் பணம் தருவீர்களா, அதற்கு முன் உங்களை அழைத்தே ஆக வேண்டுமா? ஹெல்மெட் போடாவிட்டால் பாலிசி செல்லுமா? முன்பே இருக்கும் நோய்களில் எதைச் சொல்லியாக வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதற்கு எதிரே முழு வாசகத்தின் பிரிவு எண். வாங்குகிறவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டும் பொத்தான் வரட்டும். விலை கொஞ்சம் கூடினாலும் இப்படித் தெளிவாகச் சொல்லும் நிறுவனத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

அந்தப் பக்கம் வரும்வரை, என்னிடம் கேட்கிறவர்களிடம் மேலே உள்ள கேள்விகளை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டச் சொல்கிறேன். போனில் "எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம் என்றும் சொல்கிறேன். அந்த மின்னஞ்சல்கள் உங்களுக்கு வரும். தயவுசெய்து "நிபந்தனைகளைப் பார்க்கவும்" என்று பதில் போடாதீர்கள். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
நண்பர்களுக்காக உங்கள் பாலிசிகளைப் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்