ஃபிரிட்ஜ் வேண்டாம் மாப்ளே

திரேஸ்புரம், தூத்துக்குடி

மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். உன் கேள்விக்குப் பதிலே போடவில்லை என்று அத்தையிடம் புகார் வைத்தாயாமே! அண்ணனிடம் கலந்து பேசாமல் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பேசியாயிற்று. அந்த ஃபிரிட்ஜை வாங்காதே.

கத்தாரில் பாலைவனத்துக்குப் போகிற வண்டியில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வைக்கிறார்கள், நம்ம ஃபைபர் படகில் வைத்தால் என்ன என்றாய். வண்டியில் ஏற்றுவது ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீர். வலையிலிருந்து வருகிற சூரை மீன் சூட்டோடு வரும். நீ சொன்ன 40 லிட்டர் பெட்டியில் 25 கிலோ மீனைத் திணித்தால், 45 வாட் கம்ப்ரசர் அதை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். 8 கிலோ ஐஸ் உருகினால் அதே வேலை முடிந்துவிடும். பௌதிகத்தில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன்தானே நீ, இதையும் எழுதிக்கொள்.

வெளிச்சூடு பெட்டிக்குள் புகுந்துகொண்டே இருக்கும் என்பதால் நம்ம ஊர் வெயிலுக்குக் கிலோவுக்குக் கிலோ ஐஸ் வேண்டும். ஐஸ் பாரைப் பொடித்து, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று சித்தப்பா அடுக்குவாரே, அதில் உருகுகிற தண்ணீர் மீனின் உடம்பெல்லாம் ஓடிச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு வேகமாக இழுக்க முடியாது. சூரை சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற விஷப் பொருள் ஊறிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. செவுளைத் தூக்கிப் பார்க்கிற வியாபாரிக்கு அது தெரியாது. வாங்கித் தின்கிற பிள்ளைக்குத்தான் உடம்பெல்லாம் தடித்துப் போகும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மாப்ளே. எனக்குப் பயம் பேட்டரியை நினைத்துத்தான். 75 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்தப் பாதியை ஃபிரிட்ஜ் ஒன்றே பத்து மணி நேரத்தில் குடித்துவிடும். ராத்திரி வலை விட்டுக் கிடக்கும்போது விளக்கும் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அதே பேட்டரியில்தான். துறைமுகத்துக்கு வருகிற கப்பல் பாதை பக்கத்தில். விளக்கு அணைந்த சின்னப் படகு கப்பல்காரன் கண்ணில் எப்படிப் படும்? தம்பியும் அந்தப் படகில்தான் போகிறான். குடிக்க ஜில்லென்று தண்ணீர் வேண்டுமென்றால் ஐஸ் மேல் பாட்டிலைப் போட்டுக்கொள்வோம்.

நாலைந்து நாள் தங்கல் போகிற பெரிய போட் என்றால் வேறு பேச்சு. சாயங்காலம் போய்க் காலையில் திரும்புகிற நமக்குத் தேவை நல்ல பஃப் பெட்டி, அதுதான் சூடு புகாதபடி சுவருக்குள் நுரை அடைத்த ஐஸ் பெட்டி. இப்போது இருப்பதில் மூடி சரியாக உட்காரவில்லை, விளிம்பு ரப்பரும் பிய்ந்துவிட்டது. விடிவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிடுகிறது. செலவு செய்தே தீருவேன் என்றால் அதற்கு அனுப்பு. கனத்த சுவரும் அடியில் தண்ணீர் வடியத் திருகு அடைப்பும் உள்ளதாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5 மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா என்று சீக்கிரம் சொல். குட்டையன் இப்போதே வசூல் நோட்டைத் தூக்கிவிட்டான், உன் பெயரில் பெரிய தொகை எழுதியிருக்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்