ப்ருவின் படமும் உன் பெயரும்

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இத்தனை நாள் இருந்ததற்கு நன்றாகத் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவனுக்கு வரன் பார்க்கிறோம், அந்தக் கூத்தெல்லாம் நேரில்.

என்னை எழுத வைத்தது உன் கடைசி வரிதான். புத்தகம் வந்துவிட்டது, நீ வரைந்த எலும்புப் படங்கள் அத்தனையும் இருக்கின்றன, உன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. நீயோ "போகட்டும்டா" என்கிறாய். சொட்டை சார் வகுப்பில் அரை மார்க்குக்கு மல்லுக்கட்டியவனா நீ?

உன்னை மாதிரியே எலும்பு வரைந்த ஒருவர் கதை சொல்கிறேன், கேள். ஹுவான் பாட்டிஸ்டா ப்ரு என்றொருவர். மாட்ரிட் அரச அருங்காட்சியகத்தின் ஓவியர், விலங்குகளைப் பாடம் செய்து வைப்பவரும் அவரே. 1787இல் அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில் ஒரு ராட்சத எலும்புக்கூடு கிடைத்து, மறு வருடம் பெட்டி பெட்டியாக மாட்ரிட் வந்து இறங்கியது. உயிரோடு ஒன்று அனுப்பு, சின்னதாக இருந்தாலும் சரி என்று ராஜா உத்தரவு போட்டாராம்! எலும்புகளைக் கோத்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தார் ப்ரு. செப்புத் தகட்டில் ஐந்து படங்கள் தயார். அப்புறம்? வெளியிடாமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

மாட்ரிட் வந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கையில் அச்சுப் பிரதிகள் சிக்கி, பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அங்கே இருந்த விலங்கியல் அறிஞர் குவியேவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு எலும்பைக்கூடத் தொடாமல், படத்தை வைத்தே 1796இல் எழுதிவிட்டார். முன்பல் இல்லை, கோரைப்பல் இல்லை, உள்ளதெல்லாம் கடைவாய்ப்பல். கன்ன எலும்பிலிருந்து கீழே இறங்கும் ஒரு முளை. அந்த மண்டையோட்டை, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தின் மண்டையோட்டோடு ஒப்பிட்டு, யானை அளவு இருந்தாலும் இது அதன் சொந்தக்காரன்தான் என்றார். மெகாதீரியம் என்று பெயரும் வைத்தார். அதே வருடம் கரிகா என்ற ஸ்பானியர் ப்ருவின் விவரங்களையும் படங்களையும் அச்சிட்டார். ஆனால் பாரிஸ் முந்திக்கொண்டதே!

யோசித்துப் பார். அந்தக் கன்னத்து முளையை ப்ரு அலட்சியமாக ஒரு கோட்டில் இழுத்துவிட்டிருந்தால் குவியே என்ன கண்டுபிடித்திருப்பார்? எலும்புக்கூட்டை நிறுத்திய விதத்தில் பிழை உண்டு, நாலு காலையும் ஊன்றி மாடு மாதிரி நிற்கும். இன்றும் மாட்ரிடில் அப்படியேதான் நிற்கிறது. ஆனால் கண்டதைக் கண்டபடி வரைந்த கை அது. எனக்கு அவர்மேல் பரிதாபத்தைவிடக் கோபம்தான் அதிகம். முடித்த வேலையை ஏனய்யா அத்தனை வருடம் பெட்டியில் போட்டு வைத்தாய்?

அதே கோபம்தான் உன்மேலும். பீரோவில் இருக்கும் கடல்பசு மண்டையோட்டுப் படங்களை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்காதே. தாடை ஓரமாக, வெட்டி எறிய முடியாத இடத்தில் கையெழுத்துப் போடு. பதிப்பகத்துக்கு நீ எழுதமாட்டாய், தெரியும். விலாசம் அனுப்பு, நான் எழுதுகிறேன். விமலாவிடம் சொல்லிவிட்டேன், அவளும் உன்னைக் கிழிக்கப் போகிறாள், தயாராக இரு.

கண்ணாடி மாற்றினாயா இல்லையா?

உன்,
ரகு