முதல்நாளே சொல்லிவிட்டு வாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் கோயிலில் என் பக்கத்தில் நின்று கும்பிட்டவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. விரதமிருந்த என் அம்மா தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு உரிமையாளர் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து, குழாய் பழுதுபார்ப்பவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். இருவர் காலிலும் பூட்ஸ். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு குளியலறைக்குள் ஓடி ஒளிந்தார். மாலையில் நான் வந்தபோது விளக்கின் முன்னே சேற்றுத் தடம் அப்படியே இருந்தது. நான் பார்க்கட்டும் என்று துடைக்காமல் வைத்திருந்தார். அன்று முதல், 72 வயதில், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.

குழாய் ஒழுகியது உண்மை. இரண்டு முறை சொன்னவர்களே நாங்கள்தாம். வருவதை முதல்நாளே சொல்லியிருந்தால் காபி போட்டு வைத்திருப்போமே!

1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம் நீங்கள் அறியாததல்ல. வீட்டைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்து, நியாயமான முறையில்தான். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தால், அது முடிவு சொல்லும்வரை, அல்லது மூன்று மாதம்வரை, எங்களை வெளியேற்றவும் முடியாது. இருந்தும் யாரும் புகார் கொடுப்பதில்லை. மின்சாரம் உங்கள் மீட்டரிலிருந்து வருகிறது. போகவர உங்கள் முற்றம்தான் வழி. பகைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பது?

நம் தாத்தா பாட்டிமார் பலர் 1960-களில் நிறவெறி அரசால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தவர்கள். சொந்த வாசலில் தன் பேச்சு செல்லாமல் போவது எப்படி வலிக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த வலியை நமக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கொடுக்கலாமா? மனம் பொறுக்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது இதுதான்: முதல்நாளே சொல்லுங்கள். வந்து கதவைத் தட்டுங்கள். உள்ளேயிருந்து குரல் வரும்வரை தயவுசெய்து நில்லுங்கள். தீ, வெள்ளம் போன்ற ஆபத்துக்கு மட்டும் மாற்றுச் சாவி இருக்கட்டும்.

இந்த மடலை எங்கள் வீட்டு உரிமையாளரிடமும் கொடுத்திருக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. எந்த நாள் வருகிறார் என்று சொன்னால், விடுப்பு எடுத்துக்கொண்டு நானே கதவைத் திறந்துவிடுகிறேன்.

பணிவுடன்,
பின்கட்டில் குடியிருக்கும் ஒரு மகள்