ஊர்ப் பள்ளிகளைக் காட்டும்போது ‘எப்படிச் செய்தார்கள்’ என்பதையும் காட்டுங்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: அரசின் கல்வித் தொலைக்காட்சியில் ஊர்ப் பள்ளிகள் பற்றி வாரம் ஒரு நிகழ்ச்சி கேட்டு மனு.

வணக்கம்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியை, கொரோனா நேரத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது வீட்டில் உட்கார்ந்து பாடம் பார்த்த பிள்ளைகளின் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் தனியார் சேனலை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறோம்.

நல்ல பள்ளிகளையும் அவற்றுக்குத் துணை நிற்கும் ஊர்க்காரர்களையும் சேனல்கள் காட்டாமல் இல்லை. மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்ததை 2024 ஜனவரியில் ஊரே பார்த்தது, குடியரசு தினத்தன்று முதலமைச்சரின் சிறப்பு விருதும் கிடைத்தது. பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது, சரி. ஆனால் அதைப் பார்த்து நாமும் கொஞ்சம் இடம் தரலாமே என்று நினைக்கிற ஒருவர் முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், பத்திரம் யார் பெயருக்கு எழுத வேண்டும், பெயர்ப் பலகை வைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்பதையெல்லாம் நாங்கள் பார்த்த எந்தச் செய்தியும் சொல்லவில்லை. சோக இசை மட்டும் தாராளமாக இருந்தது.

அதனால் நாங்கள் கேட்பது பாராட்டு நிகழ்ச்சி அல்ல. வாரம் அரை மணி நேரம் போதும். சேர்க்கை குறைந்து மூடும் நிலைக்குப் போன ஒரு பள்ளி மீண்டது என்றால், தலைமை ஆசிரியர் எந்த வீட்டுக் கதவைத் தட்டினார், பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் முரண்டு பிடித்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எது தோற்றுப்போனது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். ஒரு வருடம் கழித்து அதே பள்ளிக்குத் திரும்பப் போய் இப்போது எப்படி இருக்கிறது என்றும் காட்டுங்கள், நன்றாக இல்லாவிட்டாலும் காட்டுங்கள். உதவ நினைப்பவர்கள் யாருடைய செல்போன் எண்ணையோ தேடி அலையாமல், 2022இல் நீங்களே தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக எப்படித் தருவது என்பதைத் திரையிலேயே போடலாம்.

அப்புறம் ஒன்று. கேமரா வருகிறது என்றால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து வசனம் ஒப்பிக்க விடுகிறார்கள். அதற்குக் கண்டிப்பாகத் தடை போடுங்கள். பிள்ளைகளின் முகத்தைக் காட்டப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குறிப்பாக வீட்டு வறுமையைப் பேசவைக்கும்போது.

எந்தப் பள்ளியை எடுப்பது என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்யாமல், கிராம சபையும் பெயர் தர வழி செய்து, இந்த மனுவுக்கு எழுத்துபூர்வமாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்