வேலி போடும் முன் பட்டாவும் புலப்படமும் ஏன் கேட்கிறோம்?

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"காட்டின இடத்துல கல்லை நட்டுக் கொடுக்க வேண்டியதுதானே, பேப்பர் எதுக்கு?" என்று நம்மிடம் வேலி போட வருகிறவர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏழடிக் கருங்கல் காலை இரண்டடி ஆழத்தில் இறக்கிக் கான்கிரீட் போட்ட பிறகு, தவறு என்று தெரிந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். 300 அடி நீள வேலி ஓரடி தள்ளிப் போனாலே 300 சதுர அடி, அதாவது முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அடுத்தவர் நிலம் உங்கள் வேலிக்குள் வந்துவிடும். தெரியாமல் வந்தாலும் அது அவருடைய நிலம்தான்.

அதனால் பட்டா, அ-பதிவேடு (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லையும் நீளமும் காட்டும் வரைபடம்) மூன்றையும் கொண்டு வாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுத்துவிடலாம். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், 0-40.50 (0 ஹெக்டேர், 40.50 ஏர்) என்று இருந்தால் அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். கூட்டுப் பட்டாவாக இருந்து உட்பிரிவு ஆகாமல் இருந்தால், உங்கள் பங்கு எது என்று படத்தில் கோடே இருக்காது. அண்ணன் தம்பி வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட இடத்தில் நடுவேலி போட, பங்குதாரர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லையென்றால் வெளிச்சுற்று மட்டும் போட்டுத் தருவோம்.

அளப்பதில்தான் பெரும்பாலான தகராறு பிறக்கிறது. பக்கத்து வேலியிலிருந்தோ தார் ரோட்டு ஓரத்திலிருந்தோ அளக்கக் கூடாது. அவை எல்லையில்தான் இருக்கின்றன என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எல்லையைக் காட்ட நில அளவையில் நட்ட சர்வே கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் பக்கம் நிலம் பெரும்பாலும் மேடும் சரிவும். புலப்படத்தில் உள்ள நீளம் சமதளக் கணக்கு. ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் டேப்பைத் தரையோடு நீட்டி 100 அடி பிடித்தால், படக் கணக்கில் 98 அடிதான் வரும். படத்தில் சொன்ன நீளத்தைத் தரையோடு பிடிக்கிறவருக்கு டேப் கல்லுக்கு முன்பே முடிந்துவிடும். "கல்லை நகர்த்தி வெச்சுட்டான்" என்று பக்கத்துக்காரர்மேல் பழி விழும். கல் அதன் இடத்திலேயேதான் இருக்கும். சரிவில் பத்துப் பத்தடியாக, டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இறக்கி அளப்பதுதான் சரி.

கல்லே காணவில்லை என்றால் நாங்களோ நீங்களோ ஊகித்து வைக்கக் கூடாது. நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சர்வேயர் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் கொடுத்துவிட்டு வந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவார். அன்றைக்கு அவர்களையும் நிற்க வையுங்கள். பின்னால் வரும் பேச்சு பாதி அங்கேயே தீர்ந்துவிடும். சர்வே கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே ஜேசிபி விடும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அந்தக் கல்லில் கம்பி கட்டவோ, அதைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவோ மாட்டோம்.

குழி ஒன்றரை அடி அகலம். காலின் நடுவை எல்லைக் கோட்டிலேயே வைத்தால் கான்கிரீட்டில் பாதி பக்கத்து நிலத்தில் இறங்கும். ஆகவே காலின் நடு, கோட்டிலிருந்து ஒன்பது அங்குலம் உங்கள் பக்கம் தள்ளி வரும். மூலையில் சாய்த்து நிறுத்தும் சப்போர்ட் கால்களும் உங்கள் பக்கமே. இருவரும் சேர்ந்து பொது வேலி போடுவதானால் கோட்டின் மேலேயே நடலாம். செலவுப் பங்கை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கால்வாய், வண்டிப்பாதை ஆகியவற்றை அடைத்து வேலி கேட்டால், எவ்வளவு நாள் பழகிய வாடிக்கையாளராக இருந்தாலும் செய்ய மாட்டோம். ஐப்பசி மழையில் ஓடை வந்தால் செயின்லிங்க் கம்பியில் செத்தையும் முள்ளும் அடைத்து வேலியே அணை மாதிரி நிற்கும். தண்ணீர் மேல்காட்டுக்குள் திரும்பி மண்ணை அரிக்கும், கடைசியில் காலும் சாயும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றவும் வருவாய்த் துறைக்கு அதிகாரம் உண்டு. பாதை உங்கள் பட்டாவுக்குள்ளேயே போனாலும் யோசிக்க வேண்டும்: 20 ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவுமறைவின்றி, உரிமையோடு ஒருவர் நடந்து வந்திருந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அவருக்கு வழியுரிமை தருகிறது. அங்கே பன்னிரண்டடி கேட் வைத்துத் தருகிறோம், டிராக்டர் போகட்டும்.

சாலையோரப் புளியமரம் அரசுச் சொத்து. ஒரு கால் மிச்சம் என்று அதில் ஆணி அடித்துக் கம்பி இழுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துத் தோட்டத்துத் தென்னைக்கும் இதே பதில்தான்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதிகம் வரும் விஷயம் இன்னொன்று. காட்டோரத்தில் கிடக்கும் பலகைக் கல் வீரன் உருவம் செதுக்கிய நடுகல்லாக இருக்கலாம். பல ஊர்களில் அதைத்தான் வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். எழுத்து தேய்ந்து வெறும் கல்லாகவும் தெரியும். அதை வேலிக்காலாக நட்டுக் கொடுக்க மாட்டோம். குழி தோண்டும்போது அப்படி எதுவும் தென்பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு உங்களிடம் சொல்வோம். நீங்கள் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். வேலியை இரண்டு வேலிக்கால் இடைவெளி தூரம் உள்ளே வளைத்துக்கொள்ளலாம்.

காட்டுப்பன்றிக்காக வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடக் கேட்பவர்களுக்கு: முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. ராத்திரி ஆடு தேடி வரும் ஆளுக்கும் அதே கதிதான்.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. பத்தடிக்கு ஒன்றாக 84 கால், மூலைகளுக்கு எட்டு சப்போர்ட் கால். கோணலான நிலத்துக்கு இன்னும் கூடும். சுண்ணாம்புக் கோடு போட்டு, கயிறு கட்டி, நீங்களும் பக்கத்து நிலத்துக்காரரும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் காலை எண்ணி விலை சொல்வோம். முன்பணமும் அன்றைக்குத்தான் வாங்குவோம்.

இப்படிக்கு,
கல்கால், கம்பிவேலி வேலை செய்வோர்,
கிருஷ்ணகிரி