சாம் என்று சுருக்காதே

மக்களே சவரிமுத்து,

இயேசுவுக்கே புகழ். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. மாத்திரையை மறக்காமல் போடுகிறார்.

உன் பெயர் மியூனிக்கில் யார் வாயிலும் நுழையவில்லை, ஆகவே அலுவலகத்தில் சாம் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னாயே, இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. அதே பேச்சில்தான் உன் வீட்டுக்காரக் கிழவரின் பெயர் க்ஸாவர் என்றும் சொன்னாய். அட, அதுவும் உன் பெயர்தானே! உன் பெயரில் இருக்கிற சவரி, புனித சவேரியார்தான். மியூனிக் இருக்கிற பவேரியாவில் அவர் பெயரை அப்படித்தான் பிள்ளைகளுக்கு இடுகிறார்கள்.

அது முதலில் ஒரு வீட்டின் பெயர். வட ஸ்பெயினில் நவார் பகுதியில் இருக்கிற ஒரு கோட்டை. அங்கத்திய பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. நம் ஊரில் 'புதுவீட்டுக்காரர்' என்று ஒரு குடும்பத்தைச் சொல்வோமே, அவ்வளவுதான் சங்கதி. வாய்க்கு வாய் தேய்ந்து ஷவியேர் ஆகிவிட்டது. 1506-இல் அங்கே பிறந்த பிரான்சிஸ்தான் நம் சவேரியார்; அந்த வீட்டுப் பெயரோடு 1542-இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். போர்த்துகீசியர் இன்றும் ஷவியேர் என்கிறார்கள். ஸ்பானியரிடம் அது ஹவியேர். பிரெஞ்சில் க்ஸவியே, போலந்தில் க்ஸவேரி. இத்தாலியில் சவேரியோ! அங்கே தெருவில் நின்று 'சவேரியாரே' என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. அந்தக் கோட்டை சவேரியாரின் அம்மா வழிச் சொத்து. அப்பா குடும்பத்தின் பெயர் வேறு. உனக்கும் என் அப்பா பெயரைத்தான் வைத்தேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின இரவு வரை உன் அத்தைமார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். இந்த இடத்தை உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மனுஷர் மாத்திரை டப்பாவைத் தேட எழுந்து போய்விட்டார்.

நேற்று தாத்தாவின் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவர் பெயர். வெட்டியவனுக்கு இடம் போதவில்லை; 'சவரிமுத்' வரை ஒரே வரி, 'து' மட்டும் கீழே இறங்கி நிற்கிறது. ஆனாலும் அவன் எழுத்தைக் குறைக்கவில்லை.

டிசம்பர் 3-க்குக் கோட்டாறு சவேரியார் கோயில் தேருக்கு வர லீவு கிடைக்காது என்றாய், சரி. புது வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்ட வேண்டும் என்றாயே, முழுப் பெயரையும் ஒட்டு. இடம் போதாவிட்டால் 'து'வைக் கீழே இறக்கு. ஒட்டியதும் போட்டோ அனுப்பு.

அம்மா