அஸ்டாவின் தாயைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஜெர்மனியில் பாபெல்ஸ்பேர்க் ஸ்டூடியோவில் எட்டு வாரப் படப்பிடிப்பு வந்திருக்கிறது, குட்டியை வைத்துக்கொண்டு எப்படிப் போவது, வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்த "ம்" உனக்கு விளங்கியிருக்கும். குட்டி பிறந்தபோது, இனி நடிப்பை விட்டுவிட்டு நிரந்தரமான வேலை ஒன்று பார் என்று சொன்னவளும் நான்தானே. போனில் இதைக் கதைக்கப் போனால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நாடகப் பள்ளியில் படித்த காலத்தில் நீ ஓயாமல் அந்த ஊமைப் பட நடிகை அஸ்டா நீல்சன் என்று சொல்வாய். நான் வேலை முடிந்து வந்த களைப்பில் காது கொடுத்ததே இல்லை. அன்று இரவு தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவருடைய முதல் படத்தைப் பார்த்தேன். 'அவ்குருனன்', படுகுழி. 1910இல் வந்தது. முக்கால் மணி நேரம்கூட இல்லை, எட்டு நாளில் எடுத்ததாம். நாடக மேடையில் தனக்கேற்ற பாத்திரம் கிடைக்காமல் இருந்த அஸ்டாவை நாலு பேர் கவனிக்க வேண்டும் என்றுதான் ஊர்பன் காட் அந்தக் கதையையே எழுதி இயக்கினார். இரண்டு வருடம் கழித்து இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான். கோப்பன்ஹேகன் டிராமில் ஒரு பாதிரியாரின் மகனைச் சந்திக்கிற பியானோ ஆசிரியை, சர்க்கஸ்காரன் ஒருவனின் பின்னால் போய் வாழ்க்கையைத் தொலைக்கிறாள். அவனைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு கடைசிக் காட்சி வந்தது. அவனைக் கொன்றுவிட்டாள். பொலிஸ் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தக் காலத்து நடிப்புத்தானே, மார்பில் அடித்துக்கொண்டு விழுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கண்கள் திறந்திருக்கின்றன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அப்படியே நடந்து போகிறார்.

அந்த முகத்தை நான் ஊரில் பார்த்திருக்கிறேன், பிள்ளை. பிள்ளையைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்த வீடுகளில், அழுகை வருவதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் தாய்மாருக்கு அந்த முகம்தான் இருக்கும். நூறு வருடத்துக்கு முன்னர் கோப்பன்ஹேகனில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அது எப்படித் தெரிந்தது என்று நினைத்து மெய் சிலிர்த்துப் போனேன். நீ நடிப்பு நடிப்பு என்று ஏன் நிற்கிறாய் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். 1881இல் கோப்பன்ஹேகனின் வெஸ்டர்புரோவில் பிறந்தவர். நான் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போன அதே வெஸ்டர்புரோ. இன்று காப்பிக் கடைகளும் விலை உயர்ந்த வீடுகளுமாக இருக்கிறது. அன்று ஏழைகளின் பகுதி. தகப்பன் கொல்லன், பாதி நாள் வேலை இல்லை. தாய் உடுப்புத் தோய்த்துப் பிழைத்தவர். பிழைப்புத் தேடி சுவீடனில் மால்மோவுக்குப் போய்த் திரும்பியும் வந்தார்கள். அஸ்டாவுக்குப் பதினாலு வயதில் தகப்பன் இறந்துபோனார். பதினெட்டு வயதில் ராயல் தியேட்டரின் நடிப்புப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான், 1901இல், மகள் ஜெஸ்டா பிறந்தாள்.

குழந்தையின் தகப்பன் யார் என்று அஸ்டா கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஊர்வாய் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஆனால் அடுத்த வருடமே படிப்பை முடித்துவிட்டார். பிறகு நாடகக் கம்பனிகளோடு நோர்வே, சுவீடன் என்று சுற்றுப்பயணம்கூடப் போனார். எப்படி முடிந்தது? தாயும் அக்கா ஜொஹானாவும் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் வாசித்ததில் இது ஒரே ஒரு வரியாகத்தான் வருகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. தோய்த்துத் தோய்த்துக் கை வெடித்துப்போன அந்த மனுஷி பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டிராவிட்டால் அஸ்டா நீல்சன் என்று ஒருவர் வந்திருப்பாரா? மகள் கைக்குழந்தையோடு நின்றபோது அந்தத் தாய் செய்ததும் நான் செய்ததும் ஒன்றா? எனக்கு வெட்கமாக இருந்தது.

அஸ்டாவின் குரல் கனத்தது, ஏற்ற இறக்கம் சீராக இல்லை, மேடைக்கு அது தடை என்று அன்று சொன்னார்கள். ஊமைப் படத்துக்குக் குரல் எதற்கு? உன் உச்சரிப்பைப் பற்றி இங்கே ஓரிடத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிய அன்று நீ சாப்பிடாமல் படுத்ததை நான் மறக்கவில்லை.

1911இல் ஜெர்மனிக்குப் போனார். உன்னைக் கூப்பிட்டிருக்கிற பாபெல்ஸ்பேர்க்கில் முதன்முதலாக எடுத்த படமே அவருடையதுதான், தெரியுமா? 1912 பெப்ரவரியில், வெளிச்சத்துக்காகக் கண்ணாடியால் கட்டிய கூடத்தில் 'மரண நடனம்' எடுத்தார்கள். எழுபது படங்களுக்கு மேல் நடித்ததில் டென்மார்க்கில் எடுத்தவை நாலே நாலு. பிறகு சொந்தக் கம்பனி தொடங்கி, ஹாம்லெட்டை ஆண் வேடத்தில் வளர்க்கப்பட்ட பெண்ணாக மாற்றி, தானே நடித்தார். 1921இல் வந்தது. அதையும் பார்க்கப் போகிறேன், நீ வரும்போது சேர்ந்து பார்ப்போம். பேசும் படம் ஒன்றே ஒன்று, 1932இல். நாஜிகள் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். அவர் இணங்காமல் டென்மார்க்குக்குத் திரும்பிவிட்டார். இங்கிருந்துகொண்டு யூதர்களுக்குப் பணம் கொடுத்து உதவினார். அகதியாக வந்தவளுக்கு இந்த இடம் வாசிக்க வாசிக்கத் திகட்டாது.

ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நீ எப்படியும் வாசித்திருப்பாய். 1964இல், தன் கணவர் இறந்த பிறகு, மகள் ஜெஸ்டா தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அஸ்டாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றி எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகும் அவர் துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்துகொண்டிருந்தார், எண்பத்தாறு வயதில் தன்னைப் பற்றி ஒரு குறும்படத்தைத் தானே இயக்கினார், எண்பத்தெட்டில் கல்யாணம் செய்துகொண்டார். 1972இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

சரி, அலுவலுக்கு வருகிறேன். வேண்டாம் என்று இன்னும் எழுதியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். எழுதியிருந்தால் உடனே கூப்பிட்டு மாற்றிச் சொல். ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு எட்டு வாரம் என்ன, எட்டு மாதம் என்றாலும் பெரிய விஷயம் இல்லை. குட்டியை இங்கே அனுப்ப மனம் வராவிட்டால் நான் ரயில் எடுத்து ஹம்பேர்க் வழியாக வந்துவிடுகிறேன், சமையலறையில் படுத்தாலும் எனக்குப் போதும். இங்கே கொண்டுவந்து விடுவதென்றால் அவனுடைய நீலப் போர்வையை மறக்காதே, அது இல்லாமல் படுக்க மாட்டான். தடுப்பூசி அட்டையையும் எடுத்து வை. சோறும் பருப்பும் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறானா, அல்லது இன்னும் கிழங்குதானா என்று எழுது, சாமான் வாங்கி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா